சந்தியில் நிற்காத கார்

ஆனைப்பாறைத் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கு ஒரு வண்டி வருகிறதென்றால், அது வந்து சேரும் முன்பே அதன் ஜாதகம் பொன்னையாவின் காதுக்கு வந்துவிடும். கொட்டகலை ரோட்டிலிருந்து பிரிந்து ஏறுகிற பாதை, சந்தியில் இரண்டாகிறது. நேரே ஏறினால் மேல் டிவிசன், இடப்பக்கம் இறங்கினால் கீழ் டிவிசன். பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. சந்தியில் இருக்கிற செல்லசாமியின் கடைதான் பலகை. வருகிறவன் அங்கே நிறுத்தி வழி கேட்டே ஆக வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டுக்கு, என்ன விஷயம் என்று செல்லசாமி வாயைக் கிளறி முடித்த பிறகுதான் கையைத் தூக்கி வழி காட்டுவார். அதற்குள் கீழே போன் வந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பொன்னையாதான். தொழிற்சங்கத்துக்குச் சந்தா பிடித்துக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் மாலை போட்டுக்கொள்கிற தலைவர் அல்ல அவர். சில வருஷங்களுக்கு முன்னால் வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் வேனில் வந்து, மூன்றாவது லயத்து வரிசை வீட்டுப் பெண்ணொருத்தியைப் பொய்க் காகிதத்தில் அனுப்பி வைத்தான். அவள் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்த அன்றைக்கே பொன்னையா சந்தியில் ஆட்களைக் கூட்டினார். முகம் தெரியாத வண்டி எது வந்து வழி கேட்டாலும் மேலே அனுப்பிவிடுங்கள் என்றார். மேல் டிவிசன் பாதை பழைய தேயிலை ஸ்டோரோடு முடிந்துவிடும். போனவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் கீழே இருக்கிறவர்கள் உஷாராகிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் அப்படி ஏறிப்போய், டயரில் சேற்றை அப்பிக்கொண்டு, வந்த வழியே தொலைந்திருக்கிறார்கள். அதில் பொன்னையாவுக்குக் கொஞ்சம் பெருமை.

சந்தேகம் அவரோடு கூடப்பிறந்தது. மீன்காரனிடம் செவுளைத் திறந்து பார்ப்பார், மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்ப்பார். கோயிலில் திருநீறு கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இவர் பூசுவார் என்று மனைவி பேச்சியம்மா லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்து, குளவிகள் பேச்சியம்மாவை மொய்த்துவிட்டன. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மகள் லோஜினி கொட்டகலைக்குப் போன் போட்டு ஒரு வாடகை வேனை வரவழைத்தாள். மத்தியானத்திலேயே பனிமூட்டம் இறங்கிய நாள். வேன்காரன் மேல் டிவிசனுக்குப் போய், அங்கே அலைந்து, திரும்பி வந்து சேர்ந்தபோது பேச்சியம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை. சந்தியில் இறங்கி ஒரு வார்த்தை கேட்பதற்கு அவனுக்கு வாயில் கொழுக்கட்டையா என்று பொன்னையா கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். இன்றைக்கும் சொல்வார். கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். துக்கத்தில் குனிகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனுஷர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்றால் சும்மாவா? லோஜினி தோட்டத்துப் பிள்ளைகள் நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். லிந்துலையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெயர் கிருஷாந்தன், அப்பா இல்லை, அம்மா மட்டும். பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தரகருக்குக் காய்ச்சல். நல்லதாகப் போயிற்று என்று பொன்னையா நினைத்தார். சந்திக்கு வந்து கேட்டுக்கொள்ளட்டும், வேறு அடையாளம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தரகருக்குச் சொல்லிவிட்டார். வழி கேட்கிற தினுசிலேயே ஒரு குடும்பத்தின் லட்சணம் தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. காரை விட்டு இறங்கிக் கேட்கிறானா, உட்கார்ந்தபடியே கேட்கிறானா, ஐயா என்கிறானா, ஏய் என்கிறானா, எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லும்படி செல்லசாமியிடம் ஏற்பாடு செய்திருந்தார்.

காலையில் போன் வந்தது. ஆனால் வந்த செய்தி வேறு.

"தலைவரே, வெள்ளைக் கார் ஒண்ணு நிக்காமலே போயிருச்சுங்க. இடப்பக்கம் இறங்கிட்டான். வேகத்தக்கூடக் கொறைக்கல."

பொன்னையா வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் கார் வந்துவிட்டது. முதல் லயத்தைத் தாண்டி, மாரியம்மன் கோயிலைச் சுற்றி, நாலாவது லயத்தின் கடைசி வீட்டு வாசலில், அளந்து வைத்தாற்போல வந்து நின்றது. கோயிலைச் சுற்றி வருகிற அந்தப் பாதை வெளியாட்களுக்குத் தெரியவே தெரியாது. போதாக்குறைக்குக் காருக்குள் ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ சொல்வது கேட்டது. கதவு திறந்தது. இறங்கியது பையனும் அவன் அம்மா சண்முகவடிவும் மட்டும்தான்.

"உள்ள இன்னொரு பொம்பள பேசுனாளேண்ணே, அவ எங்க?" என்று தங்கச்சி வினோதா அவர் காதில் கிசுகிசுத்தாள்.

அந்தப் பெண் லெப்டொப்புக்குள் இருந்தாள். சண்முகவடிவு வழி நெடுக அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது அதையே பலகையாக்கி, பழத்தட்டையும் வெற்றிலையையும் அதன்மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் குளிக்கப் போன அவசரத்தில் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது, அதனால் லெப்டொப்பில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தோம் என்று பையன் விளக்கினான். அவனுக்கு ஹட்டனில் வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் திருத்துகிறவன். சிக்னல் கிடைக்காத மலைகளுக்குப் போவதால் வரைபடத்தை முன்கூட்டியே அதில் இறக்கி வைத்திருக்கிறானாம். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டி, நாம் இருக்கிற இடத்தை இது கண்டுபிடித்துச் சொல்லும் மாமா என்றான்.

வந்து இறங்கின காலிலேயே மாமாவா என்று பொன்னையா மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

உள்ளே உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார். தோட்டம் தோட்டமாகப் போகிறவனென்றால் இந்தத் தோட்டத்துக்கும் வந்திருக்க வேண்டுமே. இல்லை என்றான் பையன், இதுதான் முதல் தடவை. கோயிலைச் சுற்றி வர வேண்டுமென்று எப்படித் தெரிந்தது? வரைபடம் காட்டியது. இந்த வீடுதான் என்று? அதையும் வரைபடம்தான் காட்டியது. பொன்னையா சிரித்து வைத்தார். தோட்டத்து லயத்துக்கு விலாசமே கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து ஆள் மூலம் வரும். தபால்காரனுக்கே தெரியாத வீட்டை மடியில் வைத்த பெட்டி காட்டியதாம். காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

சண்முகவடிவின் நடத்தையும் சரியில்லை. சம்பந்தம் பேச வந்தவர் வீட்டைப் பார்ப்பார், பாத்திரத்தைப் பார்ப்பார். இந்த அம்மா வாசலில் எட்டிப் பார்க்கிற ஒவ்வொருவரையும் பொலிஸ்காரர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார். வினோதா உபசாரத்துக்கு, வழியெல்லாம் சரியாகச் சொன்னார்களா என்று கேட்டாள். சண்முகவடிவு திடுக்கிட்டு, நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்று மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். எதையோ மறைக்கிறார்கள்.

லோஜினி தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் பழத்தட்டுக்கு அடியில் இருந்த லெப்டொப்பைப் பார்த்தாள். பார்த்ததும் தேத்தண்ணி சோசரில் சிந்தியது.

பொன்னையா அதைப் பார்த்துவிட்டார். பேச்சியம்மா போன பிறகு இந்த வீட்டில் அவருக்கென்று மிச்சம் இருந்தது மகள் ஒருத்திதான். எல்லோரையும் சந்தேகப்பட்டவர் அவளை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இவன் முன்னமே வந்திருக்கிறான். தான் கூட்டத்துக்குப் போன நாளில், சந்திக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்திருக்கிறான். இவள் வரச்சொல்லியிருக்கிறாள். தரகர் கொண்டுவந்த வரன் என்பதே இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற நாடகம். அது மட்டும் உண்மையென்றால் இந்தத் தட்டை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் ஊர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வெறும் சந்தேகத்தை வைத்து வாயைத் திறக்க முடியாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

"வெத்தல போதாது போலருக்கு. தம்பி, காரை எடுங்க, சந்தி வரைக்கும் போயிட்டு வந்துருவோம்" என்றார். "அந்தப் பொட்டியையும் எடுத்துக்கங்க. அது எப்புடி வழி காட்டுதுன்னு நானும் பாக்குறேன்."

தட்டு நிறைய வெற்றிலை இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பையன் லெப்டொப்பை எடுக்கத் தயங்கினான். வேண்டாம் மாமா, சந்திக்குப் போவதற்கு இது எதற்கு என்றான். அவன் தயங்கத் தயங்க இவருக்குச் சந்தேகம் இறுகியது. அடுப்படி வாசலில் நின்ற லோஜினி, "அப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் முன்சீட்டில் உட்கார்ந்து லெப்டொப்பை மடியில் வாங்கிக்கொண்டார். பையன் அதைத் திறந்து ஏதோ தட்டினான். அடியில் அடுப்புக்கல் மாதிரி சூடு. திரையில் சாம்பல் நிறத்தில் கோடுகள், நடுவில் ஒரு நீல அம்பு. கார் நகர்ந்ததும் அம்பும் நகர்ந்தது. கோயிலைக் கார் சுற்றியபோது அம்பும் சுற்றியது. பொன்னையாவுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆச்சரியத்தை வெளியில் காட்டுகிற ஆள் அவரில்லை.

மேல் டிவிசனில் கணேசமூர்த்தி கங்காணி வீடு எங்கே, காட்டச் சொல்லு பார்ப்போம் என்றார். அது இதில் இல்லை என்றான் பையன். தோட்டத்து ஸ்டோர்? இல்லை. மாரியம்மன் கோயில்? இல்லை.

"அப்ப என்னதான் இருக்கு?"

பையன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மலையை வெட்டிப் போட்ட அந்த வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "இந்தத் தோட்டத்துல ஒரே ஒரு வீடுதாங்க மாமா போட்டிருக்கு. உங்க வீடு."

பிடித்துவிட்டோம் என்று பொன்னையா நினைத்தார். நானூறு குடும்பம் இருக்கிற தோட்டத்தில் இவன் பெட்டிக்கு இவருடைய வீடு மட்டும் தெரிகிறதாம். காரை ஓரம் கட்டச் சொன்னார். எங்கே, காட்டு என்றார். குரலில் வேண்டுமென்றே மரியாதையைக் குறைத்திருந்தார்.

பையன் காரை நிறுத்தி, விரலால் திரையைப் பெரிதாக்கினான். கோடுகள் விரிந்தன. சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது.

பேச்சியம்மா வீடு.

பொன்னையா ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவள் பெயரை அவர் எழுத்தில் கடைசியாகப் பார்த்தது கருமாதிக் காகிதத்தில்தான்.

"நீயா போட்ட?"

"இல்லீங்க மாமா. இந்த வரைபடத்துல யார் வேணும்னாலும் தெரிஞ்ச எடத்தச் சேக்கலாம். பொண்ணோட அம்மா பேரு பேச்சியம்மான்னு தரகர் சொன்னாரு. தேடுனேன், இது வந்துச்சு. அந்த நம்பிக்கையிலதான் கெளம்பி வந்தோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது போட்டு ரெண்டு வருசம் ஆகப்போகுதுங்க. ஐப்பசி மாசம்" என்றான்.

அதே ஐப்பசி. அப்போது தரகரும் இல்லை, வரனும் இல்லை. அந்த மாசத்தில் லோஜினி சாப்பாட்டில் கை வைக்காமல், மூலையில் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருந்ததும், அம்மா செத்த வீட்டில் போன் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று தான் எரிந்து விழுந்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது.

மகளைப் பற்றி அப்படி நினைத்துவிட்டோமே என்று கூசியது. ஆனால் கூச்சத்தையும் மீறி இன்னொன்று உறுத்தியது. புள்ளி இருக்கட்டும். இவர்கள் ஏன் சந்தியில் காரை மெதுவாக்கக்கூட இல்லை? அந்த அம்மா ஏன் எல்லோரையும் அப்படிப் பார்த்தார்? இவன் ஏன் பெட்டியைத் தரத் தயங்கினான்?

"இன்னும் என்னமோ இருக்கு. மறைக்காம காட்டுங்க தம்பி."

"வேணாம் மாமா."

"காட்டுங்க."

பையன் காட்டவில்லை. காரை மட்டும் எடுத்தான். அம்பு மெல்ல ஏறிச் சந்திக்கு வந்தது. செல்லசாமியின் கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, பையன் வெளியே பார்த்துக்கொண்டான். திரையில் சந்தி இருக்கிற இடத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதன் பக்கத்திலும் தமிழில் எழுதியிருந்தது. இடப்பக்கம் திரும்பவும். மேலே போக வேண்டாம். இங்கே யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.

பொன்னையா அந்தக் கடைசி வரியிலேயே நின்றார்.

இங்கே கேட்க வேண்டாம் என்று ஒருத்தி எழுதுகிறாள் என்றால், இங்கே ஒருவன் கேட்டிருக்கிறான்.

கடைக்குள்ளிருந்து செல்லசாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிடிபட்ட கள்ளனைப் பார்க்கிற ஆவலோடு காருக்குள் குனிந்தார். பொன்னையாவின் முகத்தைப் பார்த்ததும் ஆவல் போய்விட்டது.

"செல்லசாமி, அவளுக்குக் குளவி கொட்டுன அன்னைக்கு வந்த வேன்காரன், இங்க நிறுத்தி வழி கேட்டானா?"

செல்லசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடியும் தோளில் போட்டார்.

"கேட்டானா?"

"கேட்டாங்க தலைவரே." குரல் உள்ளே போயிருந்தது. "பனிமூட்டத்துல யாரு எவருன்னு தெரியல. தலைவர் வூட்டுக்குப் போகணும், அவசரம்னு சொன்னான். ஏஜென்சிக்காரனும் அப்புடித்தான சொன்னான். போன் போட்டேன், நீங்க எடுக்கல. நீங்க சொல்லி வச்சிருந்தீங்க, நான் மேல அனுப்பிட்டேன்."

அவ்வளவுதான். இரண்டு வருஷமாகக் கருமாதி வீட்டிலும் கல்யாண வீட்டிலும் வாயில் கொழுக்கட்டையா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, தலை குனிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது. மடியில் லெப்டொப் சுட்டது. அதைத் தூக்கி வேறிடத்தில் வைக்கக்கூடப் பொன்னையாவுக்குத் தோன்றவில்லை. பேச்சியம்மா லயத்து வாசலில் பாயில் கிடந்து, வேன் வந்துருச்சா, வேன் வந்துருச்சா என்று கேட்டது காதில் கேட்டது. இந்தா வந்துரும் என்று அவளுக்குச் சொன்ன வாயும், மேலே அனுப்பிவிடுங்கள் என்று சந்தியில் சொன்ன வாயும் ஒரே வாய்தான்.

திரும்பி வரும்போது பையன் அந்த இங்கிலீஷ்க்காரியின் குரலை நிறுத்தி வைத்திருந்தான். வழியில் ஒரே ஒரு தடவை, அம்மா பயந்துவிட்டார்கள் மாமா, என்ன மாதிரி ஆட்களோ என்று, அதனால்தான் சொல்லவில்லை என்றான். அவர் பயந்ததில் தப்பில்லை என்றார் பொன்னையா.

வீட்டில் எல்லோரும் அவர் கையில் வெற்றிலையைத் தேடினார்கள். அவர் நேரே அடுப்படிக்குப் போனார். லோஜினி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேன்காரனுக்கு நான்தாம்ப்பா போன்ல சொன்னேன்" என்றாள். "சந்தியில கேளுங்க, காட்டுவாங்கன்னு."

இரண்டு வருஷமாக அவள் தூக்கிச் சுமந்தது இதைத்தான். பொன்னையா மகளின் தலையில் கை வைத்தார்.

"நீ சொன்னது சரிதான்ம்மா. வழி கேட்டவனுக்குக் காட்டாம விட்டது நாந்தான்."

அவள் அழுதாள். அவரும் அழுதார். வெளியே சண்முகவடிவு இருமிக் காட்டினார். கொஞ்சம் கழித்து லோஜினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தியில் எழுதியதை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டார்களே என்ற வெட்கம் அவளுக்கு.

"இப்ப வேணாம்" என்றார் பொன்னையா. "அம்மா பேரு எப்பவும் இருக்கட்டும். மத்தது, நான் சந்தியில எல்லாரையும் கூட்டி வச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வாறேன். அதுக்கப்பறம் அழி. அது வரைக்கும் வர்றவங்க ஏமாறக் கூடாது."

பிறகு வெளியே வந்து, சண்முகவடிவின் எதிரில் உட்கார்ந்து, அவர் ஸ்டூலிலிருந்து எடுத்து நீட்டிய பழத்தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அதை முகர்ந்து பார்க்கவில்லை.